புதுச்சேரிக்குப் புதிதா? பூங்காவுக்கும் கடற்கரைக்கும் எந்த நேரத்தில் போவது

புதுச்சேரிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆனவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். "பீச்சுக்குப் போனோம், ஒரே கூட்டம். பார்க்குக்குப் போனோம், ஒரே வெயில். வேற என்னதான் இருக்கு இந்த ஊர்ல?"

நானும் அப்படிப் புலம்பியவன்தான். விருத்தாசலம் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கு வந்து, லாஸ்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் பைக்கில் போனேன். சாலை ஓரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சாலையின் இரு முனையிலும் தடுப்பு, நடுவில் சாலை நிறைய நடக்கிறவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்தேன். குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. இந்த ஊரின் பூங்காக்களும் நீர்நிலைகளும் ஒன்றும் பிரம்மாண்டமானவை அல்ல. நேரம் தப்பிப் போனால் எதுவுமே பிடிக்காது. அதனால் இந்த வழிகாட்டியை இடத்தின் பெயரை வைத்து எழுதாமல் கடிகாரத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஊரைக் காலால் அளந்துவிடுங்கள்

பழைய நகரம் சதுரங்கக் கட்டம்போல் நேர்க்கோட்டுத் தெருக்களால் ஆனது. நடுவில் வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வழி தவறினால் கிழக்கே பார்த்து நடங்கள், கடல் வந்துவிடும். கூகுள் மேப் தேவைப்படாது.

இந்தப் பகுதிக்குக் காரில் வராதீர்கள். அதிலும் சனி, ஞாயிறில் வரவே வராதீர்கள். வெளியூர் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும், நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். பேருந்து நிலையத்திலிருந்து டெம்போவில் ஏறி வந்து இறங்கிக்கொள்வது எளிது. சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. வாடகைக்கும் கிடைக்கும்.

விடியலில் கடற்கரைச் சாலை

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் நேராகக் கடலிலிருந்து எழும். ஜூன் மாதத்தில் 5.45 மணிக்கு முன்பே உதித்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகிவிடும். அதற்கு அரை மணி முன்னதாக அங்கே இருந்தால் வானம் நிறம் மாறுவதை முழுதாகப் பார்க்கலாம். சூரியன் வந்த பிறகு பார்ப்பதைவிட அதுதான் அழகு என்பது என் கட்சி.

கூபேர் அவென்யூ என்பதுதான் சாலையின் பெயர். புதுச்சேரியின் மேயராகவும் முதலமைச்சராகவும் இருந்த எதுவார் கூபேரின் நினைவாக வைத்தது. பேச்சில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பீச் ரோடு என்றால்தான் புரியும். நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. விடிகாலையில் சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான் என்பது இதனால்தான்.

வடக்கு முனையில் தொடங்கித் தெற்கே நடப்பது எனக்குப் பிடித்த முறை. இடப்பக்கம் கடல் வரும். வழியில் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் இறந்த இந்நாட்டு வீரர்களுக்கானது. அருகிலேயே பழைய கலங்கரை விளக்கம். 1836-இல் முதன்முதலில் ஏற்றப்பட்டது. 1979-இல் வம்பாகீரப்பாளையம் பக்கம் புதிய விளக்கம் வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்புறம் காந்தி சிலை. அதைச் சுற்றி நிற்கிற எட்டுக் கருங்கல் தூண்களைச் சிலைக்குத் துணையாகச் செய்தவை என்று நினைத்துவிடாதீர்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய தூண்கள் அவை. கிட்டே போய்ச் சிற்பங்களைப் பாருங்கள். மாலைக் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாது, தூணுக்கு ஒருவர் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பார்.

காபி வேண்டுமென்றால் கடலை ஒட்டியே லெ கஃபே இருக்கிறது. சுற்றுலாக் கழகம் நடத்துவது. காபிக்காகப் போகாதீர்கள், இடத்துக்காகப் போங்கள்.

தெற்கு முனையில் துய்ப்ளே சிலையும் குழந்தைகளுக்கான சிறிய பூங்காவும் வரும். அதற்கும் அப்பால் பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சம் தெரியும். 2022-இல் அதன் ஒரு பகுதி கடலில் இடிந்து விழுந்துவிட்டது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் நீங்கள் நடந்து வந்த கரை முழுவதும் வளைந்து தெரியும்.

கரையில் மணலுக்குப் பதில் பாறை இருப்பது ஏன்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பதில் தெரிந்தால் எங்கே கால் நனைக்கலாம், எங்கே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

இந்தக் கரையோரம் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். மீனவர்கள் சோழகம் என்று சொல்கிற தென்காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வரும்போது கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருடா வருடம் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கே முட்டி நின்றுவிட்டது. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. நகரத்தின் பக்கம் கடல் மணலை எடுத்துக்கொண்டே போனது, ஈடுகட்டப் புது மணல் வரவில்லை. கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அப்படியே ஊர் ஊராக வடக்கே நகர்ந்து போனது சிக்கல். வைத்திக்குப்பத்துப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள், வலை காயப்போட்ட மணல் எதுவரை இருந்தது என்று கடலுக்குள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு பெரிய இரும்புக் கட்டமைப்பை இறக்கியது. அலையின் வேகத்தை அது உடைத்ததும் கரையில் மீண்டும் மணல் சேர்ந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் மணல் வீடு கட்டுகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

சரி, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை. பாறைகளில் இறங்காதீர்கள். பாசி படிந்து வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது. நகரக் கடற்கரையில் குளிக்கத் தடை உண்டு. விசில் அடித்துக் கூப்பிட்டால் முறைத்துக்கொண்டு நிற்காமல் மேலே வந்துவிடுங்கள். மணலும் வேண்டும், கால் நனைக்கவும் வேண்டும் என்றால் வம்பாகீரப்பாளையத்தின் பாண்டி மெரினாவுக்குப் போகலாம். அங்கும் கணுக்கால் அளவுதான்.

வீராம்பட்டினத்தில் ஒரு மீனவர் எனக்குச் சொன்னது: "அலை ஒடையற எடத்துல பயமில்ல தம்பி. ஒடையாம சும்மா கெடக்கு பாரு, அங்கதான் இழுக்கும்." நூற்றுக்கு நூறு உண்மை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற பாதை அது. இரண்டு பக்கமும் நுரை பொங்கும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகக் கிடந்தால் அங்கே இறங்கவே கூடாது. தப்பித் தவறி இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். கரையில் நிற்பவர்கள் காப்பாற்றக் குதிப்பதற்கு முன்னால் மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

உச்சி வெயிலுக்குப் பாரதி பூங்கா

மற்றவர்கள் பாரதி பூங்காவை மாலையில் பார்க்கச் சொல்வார்கள். நான் மதியம் இரண்டு மணிக்குப் போகச் சொல்கிறேன், அதுவும் வேலை நாளில். வெளியே தார் உருகும்போது உள்ளே மர நிழல் இருக்கும். சுற்றிலும் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டப்பேரவை, அரசுப் பொது மருத்துவமனை. மனு கொடுக்க வந்தவர், நோயாளிக்குத் துணையாக வந்தவர், தேர்வுக்குப் படிப்பவர், சும்மா தூங்குபவர் என்று பாதி ஊர் அங்கே மதியத்தைக் கழிக்கிறது. ஒரு புத்தகமும் தயிர்சாதமும் எடுத்துப் போனால் போதும். பகல் ஏறியதும் நிலம் சூடாகி, கடல் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். கடல் இரண்டு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது, காற்று நேராக உங்களிடம் வரும். மே மாதத்தில் மட்டும் மேல்காற்று அதை மறித்துக்கொண்டு நான்கு மணிவரை காய வைத்துவிடும்.

நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டடம்தான் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசு முத்திரையில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். கதை இப்படிப் போகும்: விஜயநகர மன்னர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பல காலம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது இந்தக் கதை மூன்றாம் நெப்போலியன் காதுக்குப் போய், அவள் நினைவாக மண்டபம் எழுப்பப்பட்டதாம். கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு உப்பு காரம் என்று கேட்காதீர்கள். ஒரு தாசியின் பெயரில் இருக்கும் தண்ணீர் மண்டபத்தை அரசு முத்திரையில் வைத்திருக்கிற ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தாவரவியல் பூங்கா

மறைமலை அடிகள் சாலைப் பக்கம், நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும் என்று சோதித்துப் பார்க்கும் தோட்டமாக இருந்தது, அலங்காரப் பூங்கா ஆனது பிறகுதான். 22 ஏக்கர். குழந்தைகள் இருந்தால் காலை 9 மணிவாக்கில் கூட்டிப் போங்கள். சிறுவர் ரயில் ஓடுகிற நாளாக அமைந்தால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மரங்கள் ஒரு பக்கம் அடர்ந்தும் இன்னொரு பக்கம் வெட்டவெளியாகவும் இருப்பது இந்த ஊரில் பல இடங்களில் கண்ணில் படும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் பழைய நிழலைப் பற்றிப் பேசினால் "தானேவுக்கு முன்னாடி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் எந்தப் பூங்காவிலும் பெரிய மரத்தடியில் உட்காராதீர்கள்.

ஊசுடு ஏரிக்கு மார்கழிக் காலை

நான் செய்த அடுத்த தவறு ஊசுடு ஏரிக்கு மே மாதம், பகல் 11 மணிக்குப் போனது. தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது. வெடித்த சேற்றில் இரண்டு கொக்கு. பறவைகள் சரணாலயம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினேன். அதே இடத்துக்கு டிசம்பரில் ஒரு நண்பர் பிடிவாதமாக இழுத்துப் போனபோதுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகிற சாலையில் படகுத் துறை இருக்கிறது. சங்கராபரணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏரி சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரியில், பாதி விழுப்புரம் மாவட்டத்தில். புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு 2014-இல் அறிவித்தது. பறவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதற்குக் காலம். காலை 6.30-லிருந்து 8.30 வரை. மழை விட்ட மறுநாள் இன்னும் நல்லது. செய்முறை எளிது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பத்து நிமிடம் பேசாமல், கையை நீட்டிக் காட்டாமல் நின்றால் கிட்டே இருப்பவை உங்களை மறந்துவிடும். முதலில் கண்ணுக்குச் சிக்குவது நாமக்கோழி. உடம்பு கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், கூட்டம் கூட்டமாக மிதக்கும். கம்பத்தில் இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். கழுத்து மட்டும் பாம்புபோல் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பாம்புத்தாரா. அல்லி இலை மேல் நீண்ட விரல்களை வைத்து நடப்பது இலைக்கோழி. நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், அதைப் பார்க்கத்தான் பைனாகுலர் வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடாவும் ஊசிவால் வாத்தும். முதல் நாளில் ஐந்து பெயர் கற்றுக்கொண்டால் போதும். மறுமுறை அந்த ஐந்தை விலக்கிவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். சிப்ஸ் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். கரையில் உட்கார்ந்து குடிக்கிற கும்பலைப் பார்த்தால் விலகிப் போங்கள், கண்ணாடித் துண்டைப் பார்த்து நடங்கள்.

இவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்களுக்கு நகருக்குள்ளேயே வேல்ராம்பட்டு ஏரியும் கனகன் ஏரியும் உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று நடக்க அவை போதும்.

ஆற்றுப் பக்கம்

சங்கராபரணி கடலில் சேர்வதற்கு முன் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கிறது சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை. அங்கிருந்து படகில் போனால் கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், துறை திறந்ததும் முதல் படகில் ஏறுங்கள். திட்டில் நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். ஆறும் கடலும் சந்திக்கிற இடத்தில் இழுப்பு மிக அதிகம், அங்கே இடுப்பளவுகூட இறங்க வேண்டாம்.

தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றோரம் கொஞ்சம் கண்டல் காடு மிச்சம் இருக்கிறது. சேற்றிலிருந்து பென்சில்போல் நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட அதுதான் வழி. மிதிக்காதீர்கள்.

அரிக்கமேட்டை இந்தப் பட்டியலில் சேர்ப்பது ஏன் என்று சிலர் கேட்கலாம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மதுச்சாடி ஓடுகளையும் பானை ஓடுகளையும் எடுத்த இடம். இப்போது போனால் பார்க்க ஒன்றுமே இல்லை: இடிந்த ஒரு செங்கல் சுவர், மரத்தோப்பு, அந்தப் பக்கம் ஆறு. ஒன்றுமில்லை என்பதால்தான் கூட்டமும் இல்லை. மாலை 4 மணிக்குப் போய் ஆற்றைப் பார்த்து உட்காருங்கள், இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள்.

மணலில் நடந்தே தீர வேண்டும் என்றால் கடலூர்

கடலூர் 22 கிலோமீட்டர்தான், பேருந்து வந்துகொண்டே இருக்கும். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் நிஜ மணல் உண்டு. பக்கத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சமும் இருக்கிறது. சனிக்கிழமை புதுச்சேரி முழுக்க வெளியூர்க்காரர்கள் வந்து நிறையும்போது நாங்கள் சிலர் எதிர்த்திசையில் இந்தப் பேருந்தைப் பிடிப்பது வழக்கம்.

எப்போது வீட்டிலேயே இருப்பது

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் கடல் பார்க்கக் கிளம்பாதீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரைச் சாலையில் அலை சுவரைத் தாண்டித் தெறிக்கும்போது படம் எடுக்கப் போகிறவர்களைப் பார்த்துக் காவலர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

பையில் இரண்டு பேருக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு துணிப்பை. மணலில் கழற்றவும் பாறை ஓரம் போட்டுக்கொள்ளவும் வார் வைத்த செருப்பு.

கூட்டமாக இருக்கும்போதே போக வேண்டிய நாட்களும் இருக்கின்றன. மாசி மகத்தன்று காலையில் வைத்திக்குப்பம் கடற்கரை. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து கடலைப் பார்த்து நிற்கும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம், மாதத்துக்கொரு பௌர்ணமி. சூரியன் மேற்கே இறங்குகிற அதே நேரத்துக்கு நிலா கிழக்கே கடலிலிருந்து எழும், அதே 6 மணிக்குத்தான் சாலையில் வண்டிகளையும் நிறுத்துகிறார்கள். ஐந்தே முக்காலுக்குக் காந்தி திடல் பக்கம் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். பட்டாணிச் சுண்டலுக்கு மாங்காய் கூடப் போடச் சொல்லுங்கள். வண்டியை நான்கு தெரு தள்ளி நிறுத்துங்கள்.